மாடிப்படிப் பெட்டி

கிரைண்டரைப் போட்டால் ட்ரிப்பர் விழுந்தது. சிதம்பரத்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் அமராவதிக்குக் கொஞ்ச நாளாக இதே பாடு. ஈரத் தரையில் நின்று ஷாக் வாங்கிய பிறகுதான், கரண்ட் கசிந்தால் தானே விழுந்து உயிரைக் காக்கும் ட்ரிப்பரைக் கீழ்வீட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று மாட்டியிருந்தாள். மாட்டிய நாளிலிருந்து அதுவே பிழைப்பில் கை வைத்தது.

வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் கிரைண்டரில் கசிவு என்றார். மோட்டாரை மாற்றினாள். அப்படியும் விழுந்தது.

"ட்ரிப்பர கழட்டிட்டு லைன நேரா குடுத்துடலாம். ஊர்ல எல்லாரும் இத வச்சிக்கிட்டா அரைக்கிறாங்க?" என்றார் கணவர் சபாபதி.

"எனக்கு ஒண்ணு ஆச்சின்னா நீங்க அரைப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, கடலூரில் வயரிங் வேலை செய்யும் தம்பி மனைவி இளமதிக்குப் போன் போட்டாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கிய இளமதி கேட்டாள்: "எது வுழுது அண்ணி?"

"ரெண்டுந்தான். சில நேரம் மாடிது மட்டும் வுழுது."

"கிரைண்டரு கீழ் லைன்லதான ஓடுது?"

"ஆமா." சொன்ன பிறகுதான் அமராவதிக்கு உறைத்தது. "அப்ப மாடிது எதுக்கு வுழணும்?"

"அதான் விஷயமே. கிரைண்டரு மேல தப்பு இல்ல. கரண்டு திரும்பி வர்ற ஒயருதான் நியூட்ரல். கீழ போனது கீழயே திரும்பணும். எங்கியோ ரெண்டு நியூட்ரலும் ஒட்டிக்கிட்டு, கொஞ்சம் மாடி வழியா திரும்புது. போனதும் வந்ததும் சரியா இல்லன்னா ட்ரிப்பர் வுழுந்துடும்."

இளமதி மெயினை அணைத்தாள். இரண்டு நியூட்ரலையும் ட்ரிப்பரிலிருந்து கழற்றி, ஒயர்கள் ஒட்டியிருந்தால் கத்தும் கைமீட்டரின் முனைகளை வைத்தாள். சம்பந்தமே இருக்கக் கூடாத ஒயர்கள். மீட்டர் விடாமல் கத்தியது.

அமராவதி மீட்டரோடு கீழே நின்றாள். இளமதி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து முடிச்சைப் பிரித்தாள்.

"நிக்குதா அண்ணி?"

"இல்ல, கத்துது."

சமையலறை, கூடம், மாடி அறை. எங்கேயும் நிற்கவில்லை. "விட்டுடும்மா" என்றார் சபாபதி. வியர்த்து வழிந்த இளமதி சுவரில் சாய்ந்தாள்.

அமராவதிதான் சட்டென்று சொன்னாள்: "மாடிப்படி லைட்ட கீழயும் போடலாம், மேலயும் அணைக்கலாம். அதுக்கு ரெண்டு பக்கத்து ஒயரும் வரும்ல?"

படி திரும்பும் இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் ஒரு பெட்டி மறைந்திருந்தது. இளமதி நெம்பித் திறந்தாள். ஒரே டேப்புக்குள் கீழ்வீட்டு நியூட்ரலான கறுப்பு ஒயரும் மாடிக் கறுப்பு ஒயரும் முறுக்கிக் கிடந்தன. பிரித்தாள்.

சத்தம் நின்றது.

"நின்னுடுச்சி! நின்னுடுச்சிடி இளமதி!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

லைட்டைக் கீழ் லைனோடு மட்டும் சேர்த்து, மாடி ஒயரைத் தனியாக மூடி, எல்லாவற்றையும் பழையபடி பூட்டி மெயினைப் போட்டார்கள். சபாபதியே ஊறிய அரிசியைக் கிரைண்டரில் கொட்டினார்.

"போடட்டுமா?"

"போடுங்க. தண்ணி மோட்டாரயும் போடுங்க, மாடி ஃபேனயும் போடுங்க!" என்றாள் இளமதி.

கல் உருண்டது. ட்ரிப்பர் இரண்டும் அசையவில்லை. கசிந்தால் விழுமா என்று பார்க்க இளமதி அவற்றின் சோதனைப் பொத்தான்களை அழுத்தியதும் இரண்டும் டப்பென்று விழுந்தன. அமராவதி தன் கையாலேயே தூக்கிவிட்டாள். கிரைண்டர் மறுபடி கடகடத்தது.

அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, தன்னிடம் மாவு வாங்கும் ஓட்டல்காரரிடம் போனில் சொன்னாள்: "நாளையிலேருந்து எவ்ளோ வேணும்னாலும் சொல்லுங்க. அரைச்சித் தரேன்."