அம்மாவின் சக்களத்தி

எங்கள் வீட்டுக் கப்பல் கடிகாரத்தை அம்மா சக்களத்தி என்றுதான் சொல்வாள். அப்பா பட்டறையில் தன் கையால் செய்து கப்பலேற்றி அனுப்பியது அது. அந்தக் கப்பலை உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தேடிப் போய்த் திரும்ப வாங்கி வந்தார். மரப்பெட்டியை எப்படிச் சாய்த்தாலும் உள்ளே பித்தளை வளையத்தில் அது மட்டும் சாயாது. எங்களைக்கூட அவர் அப்படித் தாங்கியதில்லை. காலையில் அதற்குச் சாவி கொடுக்காமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது.

கடைசிக் காலத்தில் அவருக்கு எல்லாம் மறந்துபோனது. என்னை யாரென்று கேட்டார். வாய்க்கு வாய் வாயாடி என்று அவரே கூப்பிட்ட அம்மாவை நர்ஸ் என்று நினைத்து நன்றி சொன்னார். அந்த நன்றியைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை. சாவி கொடுப்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அழைத்து வந்த காலையில் கடிகாரம் நின்றிருந்தது. எல்லோரும் அவரோடே கிடந்ததில் சாவி தீர்ந்துவிட்டது. முழுச் சாவி கொடுத்தேன், அசையவில்லை. அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். வெறும் வயிற்றில் மாத்திரையும் கொடுக்க முடியாது.

"ஓடுதுப்பா" என்று அக்கா அளந்துவிட்டாள்.

"சத்தம் வரலையே." அவருக்குப் பாம்புக் காது.

முள்ளைத் திருப்பிப் பார்க்கலாம் என்று கண்ணாடியைக் கழற்றப் போனேன்.

"கையை எடுடா!" ஈரக் கையைத் துடைத்தபடி அம்மா வந்தாள். "முள்ளைத் தொடக் கூடாது. அது காட்டுற நேரம் வர்ற வரைக்கும் நாமதான் காத்திருக்கணும்."

முள் பத்தேகாலில் நின்றிருந்தது. மணி ஒன்பதரைதான். அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். நேரம் வந்ததும் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று ஒரு சின்னத் திருப்பு. கடிகாரம் ஓடத் தொடங்கியது.

"உனக்கு எப்படிம்மா இது தெரியும்?"

"நீங்க ரெண்டு பேரும் பொறந்தப்ப உங்கப்பா என் கட்டில் பக்கத்துலயேதான் கிடந்தாரு. ரெண்டு தடவையும் வீட்டுக்கு வந்து பாத்தா இது நின்னு போயிருந்துச்சு. இப்படித்தான் என் மடியில வச்சு ஓட்டினோம்."

இத்தனை வருஷமும் இதை அவள் சொன்னதே இல்லை.

அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "முள்ளைத் தொடலையே?"

"நான் என்னைக்குத் தொட்டேன்?"

தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு வாய் எடுத்தவர் நிறுத்தி, "நீ சாப்பிட்டியா, வாயாடி?" என்றார்.

அம்மா சக்களத்தியை மடியிலிருந்து இறக்கவே இல்லை.