பாப்பா என் கூடத்தான் இருக்கா

எங்கள் வீட்டில் இரண்டு பாப்பாக்கள். ஒருத்தி அண்ணன் மகள், ஆறு வயது. இன்னொருத்தி நான். வங்கியில் வேலை, மூக்குக் கண்ணாடி, காதோரம் எட்டிப் பார்க்கும் நரை எல்லாம் இருந்தும் அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான். மகள் பிறந்தால் அந்தப் பட்டம் என்னை விட்டு இறங்கும் என்று நம்பினேன். அவன் அவளையும் பாப்பா என்றே கூப்பிட ஆரம்பித்தான். "பாப்பா, பாலைக் குடி" என்றால் அவள். "பாப்பா, கேஸுக்குச் சொல்லிட்டியா" என்றால் நான். பேச்சின் மீதியைக் கேட்டுத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். வருகிறவர்கள் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம்.

அண்ணன் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கியது எங்கள் போதாத காலம். பேட்டரியைக் கழற்றி மாடிக்குத் தூக்கி வந்து, வாசல் கதவை ஒட்டிச் சார்ஜ் போடுவான். பக்கத்தில் செருப்பு அலமாரி, மேலே திரைச்சீலை. அண்ணி படித்துப் படித்துச் சொன்னாள்.

"வழியில வைக்காதீங்க. ஏதாவது ஒண்ணுன்னா எப்படி வெளிய போறது?"

"ஒண்ணுன்னா பின்கதவு இருக்கு. நீ வாயத் திறந்தாலே ஏன் இப்படிப் பேசுற?"

அவ்வளவுதான். அவனிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று.

அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம். கூடத்தில் டிவி தன்பாட்டுக்கு மேட்ச் ஓட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க வேண்டியவன் உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். வாசலை ஒட்டிய முன்னறையில் குட்டியைத் தூங்கவைத்த அண்ணி, டிவி சத்தத்துக்காகக் கதவைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

பட்டென்று ஒரு வெடிச்சத்தம். எட்டிப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து தீ சீறிக்கொண்டு வந்தது. திரைச்சீலை பற்றிக்கொண்டது. கூரையடியில் கரும்புகை என்னை நோக்கி உருண்டு வந்தது. கை கால் ஓடவில்லை. தண்ணீர்க் குழாயைக்கூட மூடாமல் நின்றேன்.

அண்ணன் ஓடி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"குனி பாப்பா! குனிஞ்சே வா!"

பின்கதவைத் திறந்து இரும்புப் படியில் என்னை இழுத்துக்கொண்டு இறங்கினான். குட்டி எந்நேரமும் அண்ணியின் வாலைப் பிடித்துக்கொண்டு திரிகிறவள். அவள் அண்ணியிடம்தான் இருப்பாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். மேலே குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணியின் குரல். இருமலும் அலறலுமாக.

"ஏங்க! பாப்பா எங்க? பாப்பா?"

"பாப்பா என் கூடத்தான் இருக்கா! நீ இறங்கி வா!"

எனக்கும் உறைக்கவில்லை. நெஞ்சு முழுக்கப் புகை, தலைக்குள் ஒன்றுமில்லை.

கூடத்தை நோக்கித் தவழ்ந்துகொண்டிருந்த அண்ணி அந்தக் குரலை நம்பித் திரும்பினாள். ஈரத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே வந்தாள். வந்ததும் அண்ணனின் கையைத்தான் பார்த்தாள். அந்தக் கையில் இருந்தது என் கை. அவள் கண்கள் என் முகத்துக்கு ஏறி, பின்னால் தேடி, மறுபடியும் என் கைக்கு வந்தன.

"இவளா?" என்றாள். சத்தமே வரவில்லை.

அண்ணன் படியில் திரும்ப ஏறப் பாய்ந்தான். பின்கதவு வாயே தெரியாமல் புகை கொட்டிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் கதவு ஜன்னல் செய்யும் பட்டறை வைத்திருப்பவர் அவனை இடுப்போடு கட்டிப் பிடித்தார். "போனா நீயும் வரமாட்டப்பா! ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லியாச்சு. தெருப்பக்கம் வா, ஜன்னல் இருக்கு!"

தெருவுக்கு ஓடினோம். முன்னறை ஜன்னல் மூடியிருக்கவில்லை, ஆனால் கம்பி போட்டிருந்தது. திருடனுக்குப் பயந்து நாங்கள் போட்ட கம்பி. அண்ணன் தொண்டை கிழியக் கத்தினான்.

"பாப்பா! பாப்பா!"

ஜன்னலில் யாரும் வரவில்லை. பக்கத்தில் கூடத்து ஜன்னலின் கண்ணாடி வெடித்துத் தெருவில் சிதறியது. அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். அந்த நினைப்பே பொறுக்காமல்தான் பள்ளிக்கூடத்தில் மட்டும் கூப்பிடுகிற அவள் முழுப்பெயரைச் சொல்லி, டீச்சர் போல அதட்டினேன்.

ஜன்னலில் ஒரு தலை எழுந்தது.

அண்ணி துள்ளி எழுந்தாள். "கதவத் திறக்காத தங்கம்! போர்வைய எடுத்துக் கதவுக்கு அடியில திணி! திணிச்சிட்டு ஜன்னலுக்கு ஓடி வந்துடு!"

தலை மறைந்தது. ஒருவேளை கதவைத் திறந்துவிட்டால்? கைப்பிடியைத் தொட்டுவிட்டால்? பட்டறைக்காரர் ஏணியைச் சாய்த்துக் கடப்பாரையோடு ஏறினார். மரச்சட்டத்தில் கடப்பாரையை மாட்டி நெம்பினார். அது கிறீச்சிட்டதே தவிர அசையவில்லை. அதற்குள் குட்டி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் அறை சாம்பல் நிறமாகிக்கொண்டே வந்தது.

"தள்ளி நில்லு கண்ணு," என்று சொல்லிவிட்டு அவர் உடம்பு முழுவதையும் கடப்பாரை மேல் போட்டார். சட்டம் பிளந்தது. கம்பி சாய்ந்தது. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். தீயணைப்பு வண்டி அப்போதுதான் தெருமுனையில் திரும்பியது.

மூக்கோரம் கரி. முட்டியில் ஒரு சிராய்ப்பு. வேறொன்றுமில்லை. அந்தச் சாத்திய கதவு இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணி அவளைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"எங்கடி இருந்த? அப்பா அத்தனை தடவ கூப்பிட்டாரே!"

"கட்டிலுக்குக் கீழ."

"ஏன் பதில் சொல்லல?"

குட்டி இருமினாள். அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கணக்குப் புரியாத முகம்தான்.

"அத்தையைக் கூப்பிடுறார்னு நெனச்சேன்," என்றாள். "முன்னாடியே கேட்டுச்சு. 'பாப்பா என் கூடத்தான் இருக்கா'ன்னு அப்பா கத்தினார். நான் கட்டிலுக்குக் கீழ தனியா இருந்தேன். அதான், நான் பாப்பா இல்லபோலன்னு பேசாம படுத்துட்டேன்."

அண்ணன் அவளைத் தூக்கக் கையை நீட்டினான். அவள் அண்ணியின் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.