டப்பாவில் வைக்காத மாத்திரை

வெங்கடசுப்ரமணியனுக்கு இதயத்தில் செயற்கை வால்வு. ரத்தம் உறையாமல் இருக்க தினம் ஒரு மாத்திரை. எண்பதை நெருங்கும் மனிதரைப் பன்னிரண்டு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றியவள் மனைவி பாமா. மல்லேஸ்வரத்தில் அவர்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

நாலு மாதம் முன்பு, அமெரிக்காவிலிருக்கும் மகள் நிருபமா இரண்டு புட்டி அனுப்பினாள். ஞாபகசக்திக்கு ஒன்று, மூட்டுக்கு மஞ்சள் சத்து ஒன்று.

"மருந்தே இல்லைம்மா, சுத்த சைவம். அப்பா நூறு வயசு இருப்பார் பாரு."

மருந்து இல்லை என்றாகிவிட்டதே! மருந்தெல்லாம் டாக்டரிடம் எடுத்துப்போகும் பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தன. இவை சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில். "வேற மாத்திரை ஏதாவது?" என்று டாக்டர் கேட்டபோதெல்லாம், "ஒண்ணும் இல்லை" என்று பாமா பொய்யென்று தோன்றாமலேதான் சொன்னாள்.

பல் தேய்க்கையில் அவருக்கு ரத்தம் வந்தது. பிரஷ் முரடு என்று வேறு வாங்கிக் கொடுத்தாள். முழங்கையில் நீலம் பாய்ந்தது. எங்கேயோ இடித்துக்கொண்டார் என்று விட்டுவிட்டாள். பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா!

ஒரு காலையில் குளியலறையில் சாய்ந்தார். மூளைக்குள் ரத்தக் கசிவு. நிருபமா கிடைத்த விமானத்தைப் பிடித்து ஓடிவந்தாள். ஐசியூ வாசலில் டாக்டர் இருவரையும் நிறுத்தினார்.

"ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. சத்து மாத்திரை, ஹெர்பல், எதாவது எடுத்தாரா? அதுல சிலதும் ரத்தத்தை உறைய விடாது. மறைக்காம சொல்லுங்க."

பாமாவுக்குப் பக்கத்தில் மகள் வெளுத்துப்போய் நின்றாள். சொல்லாவிட்டால் புருஷன் உயிர் போகும். சொன்னால் பெண் ஆயுசு முழுக்க இதைச் சுமப்பாள்.

"எடுத்துண்டார் டாக்டர். நாலு மாசமா, ரெண்டு விதம்." பேரையும் சொன்னாள். "நான்தான் கடையில வாங்கினேன்."

நிருபமா தலையைக் குனிந்துகொண்டாள். மறுக்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார்.

பதின்மூன்றாம் நாள் காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சினர் ஆரம்பித்தார்.

"அவ்வளவு ஜாக்கிரதையா இருப்பேளே மன்னி, கடைசியில இப்படிப் பண்ணிட்டேளே."

பாமா மகளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசுவாள் என்ற நப்பாசை அவளுக்கு இருந்தது, பொய் சொல்வானேன்.

நிருபமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏம்மா, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுத்திருக்கக் கூடாதா?"

எல்லோரும் பாமாவையே பார்த்தார்கள்.

"தப்புதாண்டி கண்ணா" என்றாள் பாமா.