மாடசாமி இறங்கிய இடம்

பதுளை டவுன் விளையாட்டுக் கழகத்தில் ஓட்டத்துக்குப் பேர்போனவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒரே வருடத்துக்குள் மூன்று பேருமே நொண்டியானார்கள். சைக்கிள் கடை புஹாரிக்குக் கணுக்கால் பிசகியது. பலசரக்குக் கடை ராமநாதனுக்குக் குதிகாலில் நரம்பு இழுத்துக்கொண்டது. தேயிலைத் தோட்டத்து மாடசாமிக்கு வலது முட்டி போயிற்று. கல்லும் பள்ளமுமான தோட்டத்து ரோட்டில் வெறுங்காலோடு பத்து வருடம் ஓடினால் முட்டி போகாமல் வேறென்ன போகும்? டாக்டர் மூவருக்கும் ஒரே வைத்தியம்தான் சொன்னார். ஓடாதே, வேண்டுமானால் சைக்கிள் மிதி.

புஹாரியின் வாப்பா பஜாரில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்ததால் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. மூன்று பழைய சைக்கிள்களைப் பொறுக்கியெடுத்து, மட்காட்டையும் கேரியரையும் கழற்றி வீசிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தெமோதரை வரை மிதித்தார்கள். திரும்பி வந்து டவுனோரத்து ஆறான ஓயாவில் குதித்து நீந்தினார்கள். "மூணு நொண்டியும் கெளம்பிட்டானுங்கடா" என்று பஜாரே சிரிக்கும். புஹாரி பதிலுக்கு மணியடித்துக்கொண்டே போவான்.

சைக்கிளில் இருக்கும்போது மாடசாமி ராமநாதனை 'டேய்' என்று கூப்பிடுவான். அதே மாடசாமி சீனி வாங்கக் கடைக்குப் போனால் 'சின்ன மொதலாளி' என்பான். அப்படிக் கூப்பிடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கடை வாசலில் கால் வைத்ததும் வாய் தானாக மாறிக்கொள்ளும். ராமநாதனும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

இப்படி இருக்கையில் கழகத்துச் செயலாளர் கொழும்பில் ஏதோ பத்திரிகையைப் பார்த்துவிட்டு வந்தார். வெளிநாட்டில் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி, மூன்றையும் ஒரே மூச்சில் செய்கிறார்களாம். சித்திரை வருடப்பிறப்புக்கு நாமும் வைப்போம் என்று குதித்தார். ஓயாவில் நீச்சல், ஸ்பிரிங்வெளி ரோட்டில் ஏறி இறங்கச் சைக்கிள், கடைசியில் டவுன் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். மரம் அறுத்து விற்கும் மரக்காலை ஒன்றின் முதலாளி, விளையாட்டுப் பைத்தியம், முதலில் வருகிறவனுக்குத் தன் மரக்காலையில் வேலை தருவதாகச் சொன்னார். வேலையோடு பின்பக்கத்தில் குடியிருக்க ஓர் அறையும் உண்டு.

அந்த அறை மாடசாமியின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அவன் மனைவி பூவம்மாவுக்குத் தலைப்பிள்ளை, தோட்டத்து லயத்தில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பிராவிலேயே செத்துப் பிறந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி கேட்டு ஆள் ஓடி, தோட்டத்து ஆபீஸ் ஐயாமார் கையெழுத்துப் போட்டு, லொறி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இப்போது மறுபடியும் அவளுக்கு ஏழு மாதம். மரக்காலையிலிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம்.

"இந்தப் புள்ளையாச்சும் டவுன்ல பொறக்கட்டுங்க" என்றாள் பூவம்மா. வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

ராமநாதனுக்கும் இது தெரியும். போட்டிக்கு முந்தின நாள் மூவரும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவனாகவே சொன்னான்.

"நம்ம மூணு பேர்ல யாரு மொதல்ல வந்தாலும் அந்த வேல ஒனக்குத்தான்டா. கடைய வச்சிக்கிட்டு எனக்கெதுக்கு மரக்காலை?"

மாடசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அவன் தன் காலை நம்பினான். ஓட்டத்தை முட்டி அரைகுறையாகத்தான் தாங்கும். அதற்கு வேண்டிய தூரத்தைச் சைக்கிளிலேயே முந்தி வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்றத்தில் அவனைப் பிடிக்க டவுனில் ஆள் கிடையாது.

நீச்சலில் புஹாரிதான் முதலில் கரையேறினான். ஏற்றம் தொடங்கி இரண்டு வளைவு முடிவதற்குள் மாடசாமி அவனையும் ராமநாதனையும் தாண்டிப் போய்விட்டான். மற்றவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. அவனுடைய தோட்டத்து எல்லைக்குள் நுழைந்தபோது கோயில் வளைவில் லயத்துச் சனம் முழுவதும் நின்று கூச்சல் போட்டது. பூவம்மா வயிற்றில் ஒரு கையை வைத்தபடி மறு கையை ஆட்டினாள். பிறந்ததிலிருந்து அத்தனை பேர் தன் பெயரைச் சொல்லிக் கத்தி அவன் கேட்டதில்லை. நெஞ்சு விம்மியது.

அப்போது மேலேயிருந்து, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் ஜீப் ஹாரன் அடித்தது.

மாடசாமி சின்னப் பையனாக இருந்தபோது அவன் அப்பா ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். வெள்ளைக்காரத் துரை காலம் அது. துரை வரும்போது தொழிலாளி சைக்கிளில் உட்கார்ந்திருக்கக் கூடாது. இறங்கி, தலைத்துண்டை எடுத்துவிட்டு, ஓரமாக நிற்க வேண்டும். ஒருநாள் அப்பா இறங்கப் பிந்திவிட்டார். மறுநாள் சைக்கிள் பள்ளத்தில் கிடந்தது, அப்பாவுக்கு ஒரு மாதம் வேலை இல்லை. அதற்குப் பிறகு எங்கே ஜீப் சத்தம் கேட்டாலும் அப்பாவின் கை மகனுடைய பிடரியை அழுத்தும். அப்பா செத்துப் பல வருடமாகிறது. வெள்ளைக்காரனும் கப்பலேறி, தோட்டத்தை அரசாங்கம் எடுத்து, கொழும்புப் பக்கத்து இளந்துரை ஒருவர் வந்து மூன்று வருடமாகிறது. பிடரியில் அந்தக் கை மட்டும் அப்படியே இருந்தது.

பிரேக்கைப் பிடித்ததும் இறங்கியதும் அவனுக்கே தெரியாது. தெரிந்தபோது சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றிருந்தான். வியர்வைக்குக் கட்டியிருந்த துண்டு கையில் இருந்தது.

ஜீப் மெதுவாகப் பக்கத்தில் வந்தது. துரை அதில் இல்லை. டிரைவர் மட்டும் இருந்தான். துரையின் ஆசனத்தில் துரையின் நாய் உட்கார்ந்திருந்தது. மாட்டு டாக்டரிடம் ஊசி போடப் போகிறதாம். நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாடசாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிற்று. டிரைவர் வண்டி வளைவைத் தாண்டும் வரை விழுந்து விழுந்து சிரித்தான்.

கோயில் வளைவில் கூச்சல் அடங்கிவிட்டது.

மாடசாமி திரும்ப ஏறப் பார்த்தான். அந்த இடத்தில் ஏற்றம் செங்குத்து. நின்ற சைக்கிளை மிதித்துக் கிளப்ப முட்டி இடம் கொடுக்கவில்லை. தள்ளிக்கொண்டே ஓடினான். முதலில் ராமநாதன் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு, பார்க்காதவன் போல மிதித்துப் போய்விட்டான். பின்னால் வந்த புஹாரி பிரேக் பிடித்தான்.

"டேய் மாடா, ஏன்டா எறங்கின? ஏறுடா, நான் தள்ளி விடுறேன், ஏறு!"

புஹாரி தள்ளிவிட்டான். அதற்குப் பிறகு மாடசாமி உயிரைக் கொடுத்து மிதித்தான். இறக்கத்தில் ராமநாதனைப் பிடித்தும் விட்டான். ஆனால் கையில் இருந்த தூரம் போய்விட்டது. மைதானத்தில் முதல் சுற்றிலேயே முட்டி மடங்கியது. கடைசிச் சுற்றை அவன் கையால் தொடையைப் பிடித்துத் தூக்கித் தூக்கி வைத்து முடித்தபோது, ராமநாதனுக்கு மாலை போட்டுப் படமும் எடுத்து முடித்திருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போனான். ராமநாதன் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தான்.

"சின்ன மொதலாளி, அந்த வேல..."

"மரக்காலைக்காரரு எல்லாருக்கும் முன்னால ஏம் பேரச் சொல்லிட்டாரே மாடசாமி. இப்ப ஆள மாத்துனா அவருக்கு மரியாதையா இருக்குமா? அடுத்த வருஷம் பாப்போம்."

'டா' போடவில்லை. பெயரை முழுதாகச் சொன்னான். அதிலேயே மாடசாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ராமநாதன் மரக்காலைக்கு வாரத்தில் இரண்டு நாள் தலையைக் காட்டினான். அந்த அறையில் அவன் கடை மிளகாய் மூட்டைகளை அடுக்கினான். பச்சைத் துரோகம்தான். ஆனால் ராமநாதனைத் திட்ட வாயெடுத்தால் மாடசாமிக்கு முன்னால் நாய் வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் ஏமாற்றாமலே இருந்திருக்கலாம். நான் இறங்காமலே இருந்திருக்கலாமே.

"ஜீப்புல நாய்தான் இருந்துச்சுன்னு தெரியலீங்களா?" என்று பூவம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"ஜீப்புதான் தெரிஞ்சிச்சு."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் மற்றவர்கள் விட்டார்களா? அவன் வரும்போது யாராவது ஒருவன் குரைப்பான், எல்லாரும் சிரிப்பார்கள். அவர்களும் ஜீப்பைக் கண்டால் ஒதுங்கி நிற்கிறவர்கள்தான். அது அவர்களுக்கு நினைவில்லை.

பூவம்மாவுக்கு மாதம் நெருங்கியது. புஹாரி ஒரு வேன் பேசி வைப்பதாகச் சொல்லியிருந்தான். அதை விசாரிக்க ஒரு காலையில் மாடசாமி டவுனுக்கு மிதித்துக்கொண்டிருந்தான். கோயில் வளைவில் எதிரே ஜீப் வந்தது. இந்தத் தடவை துரையே ஓட்டிக்கொண்டு வந்தார்.

மாடசாமி பல்லைக் கடித்தான். இறங்கவில்லை. பிடரி சுட்டது. ஆனாலும் துண்டை எடுக்காமல், தலையைத் திருப்பாமல் ஜீப்பைத் தாண்டி மிதித்தான். வேலையை நிறுத்தட்டும், சைக்கிளைப் பள்ளத்தில் தள்ளட்டும். என்ன வந்தாலும் வரட்டும்.

ஜீப் பின்னால் நின்றது. துரை கூப்பிட்டார்.

"ஏய், நீ தானே அந்த ரேஸ் போன ஆள்?"

"ஆமாங்க தொரை."

"டிரைவர் சொன்னான். நாயைப் பார்த்து எறங்கினாயாம்." துரை சிரித்தார். பொல்லாத சிரிப்பு இல்லை, நல்ல மனிதர்தான். "அந்தப் பழைய சட்டம் எல்லாம் இப்ப இல்லை. நான் யாரையும் எறங்கச் சொல்லவே இல்லையே. இனிமே எறங்க வேணாம், சரியா?"

"சரிங்க தொரை" என்றான் மாடசாமி.

ஜீப் போய்விட்டது. டவுனுக்குப் போக மிதியில் கால் வைக்கப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டு காலும் தரையில் இருந்தன. சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றிருந்தான். துண்டு கையில் இருந்தது.