சிவப்பு ஓடிய வைரம்

...தயிர் உறையாததைக் கெட்டதில் சேர்ப்பதா வேண்டாமா என்று கந்தம்மாளுக்கு இன்னும் பிடிபடவில்லை, ஐந்தாம் நாள் நடந்தது அது, உறைமோர் ஊற்ற அவளே மறந்திருப்பாள், அவள் மறதிக்குக் கல் என்ன செய்யும், ஆனால் மதியம் பஸ்ஸில் வைரத் தரகர் சவரிராயன் வந்து இறங்கிவிடுவார், எட்டு நாளில் என்ன நடந்தது என்று கேட்பார், கேட்டால் ஏதாவது சொல்லியாக வேண்டுமே. வைரம் என்றால் அப்படித்தான், யாரும் பார்த்தவுடன் வாங்கிவிடுவதில்லை, எட்டு நாள் வீட்டில் வைத்திருந்து, நல்லது நடந்தால் வைத்துக்கொள்வது, கெட்டது நடந்தால் கொடுத்துவிடுவது, ஏன் வேண்டாம் என்று தரகர் மறுபேச்சுப் பேசக் கூடாது. இன்றைக்கு எட்டாம் நாள். சேலத்திலிருந்து பரமத்தி வேலூருக்கு வருகிற பஸ்ஸும் இந்த உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிறது, மேடு வந்தால் ஏறியிருப்பவர்களே இறங்கித் தள்ளுகிறார்களாம், அதனால் மதியம் என்றால் மதியமா, பொழுது சாய்ந்தா, யார் கண்டது... சாய்ந்தே வரட்டும் என்றும் இருந்தது அவளுக்கு. இடுப்பில் செருகியிருந்த சேலைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்தாள். முடிச்சு இருந்தது, முடிச்சுக்குள் கல் இருந்தது.

துவரம்பருப்பை விடச் சின்னக் கல். அதை வாங்கப்போகிறோம் என்று அவள் நினைத்தவளே இல்லை, சவரிராயன் வந்தது அவளுடைய தோட்டில் கழன்ற வெள்ளைக் கல்லை மாற்றிக்கொடுக்க, பையைத் துழாவும்போது ஒரு காகித மடிப்பு விழுந்து திறந்துகொண்டது, அவ்வளவுதான். நகத்தை அழுத்திவிட்டு விட்டால் ரத்தம் திரும்பி வருமே, அந்த நிறம். கெம்புங்களா என்று கேட்டாள். "கெம்பு இல்லைங்கம்மா, வைரந்தானுங்க. நான் முப்பது வருசமா கல்லுப் பாக்கறேன், இப்படி ரோஸா சிவப்பு ஓடுனது இதோட ரெண்டுதான் பாத்திருக்கறேன்" என்றார், மாதா கோயிலுக்குள் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு. பிறகு அவராகவே சொல்லிக் கொடுத்தார், நகையில் கட்டியதை வாங்கக் கூடாது, வெள்ளைக் கல்லுக்கு அடியில் சிவப்புத் தகடு வைத்துக் கண்ணைக் கட்டிவிடுவார்கள், வெறுங்கல்லாகத்தான் பார்க்க வேண்டும், வாயால் ஊதினால் கண்ணாடிக்கல் மங்கியபடி நிற்கும், வைரம் உடனே தெளிந்துவிடும். விளக்கு வெளிச்சத்தை நம்பவே கூடாது. காலை பத்து மணி வாக்கில், நேர் வெயில் படாத சன்னலில், வெள்ளைத் தாளின் மேல் வைத்தால்தான் உள்ளே நிறம் ஓடுவது தெரியும். இவ்வளவு அபூர்வமென்றால் ஏன் இன்னும் விற்காமல் கிடக்கிறது என்று அவள் கேட்க, மனுசர் ஒளிக்காமல் சொன்னார், அஞ்சு வீட்டில் திருப்பிவிட்டார்கள், வைரமென்றால் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும், சிவப்பு ஓடினது தாலிக்கு ஆகாது என்று பயம். கந்தம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. தாலி கழுத்தில் கெட்டியாகத்தான் இருக்கிறது, கட்டியவர்தான் மல்லசமுத்திரத்தில் இருக்கிறார்.

பதினொரு வருசம்... பிள்ளையில்லை என்று நாச்சிமுத்துக் கவுண்டர் சின்னாயியைக் கட்டினார், அந்தப் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அங்கேயே தங்கினார், ரெண்டு பையன்கள் பிறந்தார்கள், இங்கே பண்டிகை, நோம்பி என்றால் வருவது, அப்புறம் அதுவும் தேய்ந்து, மூன்று நோம்பியாக அவர் வரவில்லை. அவளுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை என்று ஊரில் சொல்வார்கள், அப்பன் கொடுத்த வெற்றிலைக் கொடிக்கால் அவளுடையது, இவ்வளவு பெரிய வீடு அவளுடையது, பத்துப் பேர் படுக்கிற கூடத்தில் ஒரே பாய். அதனால் கல்லை வாங்கித் தலைப்பில் முடிந்துகொள்ளும்போதே மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், எட்டு நாளைக்குள் அவர் வந்தால் இது நல்ல கல், வராவிட்டால் திருப்பிவிடுகிறேன். நாற்பத்து நாலு வயசில் என்ன பைத்தியக்காரத்தனம். ஆனாலும் அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் கவனித்தாள். இரண்டாம் நாள் காராம்பசு கன்று போட்டது, காளைக்கன்று, அது நல்லதா கெட்டதா, அப்படியே நல்லது என்றாலும் பசுவுக்கல்லவா நடந்தது. நாலாம் நாள் வேலைக்காரி குப்பாயியின் மகளுக்குக் காய்ச்சல், ஆறாம் நாள் தணிந்துவிட்டது, வந்ததும் போனதும் குப்பாயி வீட்டில். யாரைப் பார்த்தாலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருந்தது, இவள் வீட்டில் தயிர் உறையவில்லை. இடையில் தினமும் பத்து மணிக்குச் சன்னலில் தாளை விரித்துக் கல்லை வைத்துப் பார்ப்பாள், முதல் நாள் கொஞ்ச நேரம், அப்புறம் கொஞ்சம் அதிகம், நிறம் ஓரத்தில் கிளம்பி நடுவுக்கு வரும், தலையைச் சாய்த்தால் காணாமல் போகும், அடுப்பில் பருப்பு தீய்ந்த நாளும் உண்டு.

ஏழாம் நாளை மட்டும் ஏன் தாண்டித் தாண்டிப் போகிறாள்... நேற்றைக்குத்தானே, தாளை விரித்திருந்தாள், கல்லை இன்னும் வைக்கவில்லை, வாசலில் வண்டிச் சத்தம். "ஆரது" என்று எட்டிப் பார்த்தால் நாச்சிமுத்துக் கவுண்டர். தலை நரைத்திருந்தது. கல்லை அவசரமாகத் தலைப்பில் முடிந்துகொண்டு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "பெரிய அண்டா எங்க கெடக்குது? சின்னவனுக்குக் காதுகுத்து வெச்சிருக்குது" என்றார். "பின்கட்டுல கெடக்குதுங்க" என்றாள். அதற்கப்புறம் அவர் எழுந்திருக்கவில்லை, மழை இல்லை என்றார், மாட்டுக்கு வாயில் புண் என்றார், கூடத்தைச் சுற்றிப் பார்த்து, சுண்ணாம்பு அடிக்கலையா என்றார், பதினொரு வருசமாக அவள் கேட்க ஆசைப்பட்ட குரல்தான், உட்கார்ந்து சாவகாசமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறது, அவள் கண் என்னவோ சன்னலுக்குப் போய்ப் போய் வந்தது, வெயில் தாளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் போனால் நேர் வெயில் விழுந்துவிடும், அப்புறம் நிறம் தெரியாது, இன்றைக்குப் பார்க்க முடியாது... இந்த மனுசன் எப்போது எழுந்து போவார் என்று நினைத்தாள். நினைத்தது தானா என்று திடுக்கிட்டாள். வண்டியில் ஏறிய பிறகு, "நீயும் வரலாமில்ல" என்று அவர் மாட்டைப் பார்த்துச் சொன்னார், அவளும் மாட்டைப் பார்த்துத் தலையாட்டினாள், வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்ப்பது வழக்கம், நேற்று நின்றாளா? நிற்கவில்லை. உள்ளே ஓடினாள். தாள் முழுக்க வெயில் விழுந்துவிட்டிருந்தது, அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது.

"ஏனுங்காத்தா, சேலத்துக்காரரு வந்திருக்காருங்க" என்று குப்பாயி வந்து சொன்னபோது பொழுது நன்றாக இறங்கியிருந்தது. சவரிராயன் சட்டையெல்லாம் கரித்தூளாக வந்து உட்கார்ந்தார், ரெண்டு செம்பு தண்ணீர் குடித்தார். "சொல்லுங்கம்மா. எட்டு நாள் ஆச்சு. என்னமாச்சும் நடந்துச்சுங்களா?" என்றார்.

"ஒன்னும் நடக்கலீங்க" என்றாள் கந்தம்மாள்.

சொல்லிவிட்டு அந்தச் சொல்லையே கேட்டுக்கொண்டு நின்றாள். பொய் சொன்னோமா? இல்லையே, பொய் சொன்னால் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே.

"பஸ்ஸுல பேசிக்கிட்டாங்களே, நேத்து கவுண்டரு வந்தாருன்னு" என்றார் அவர் மெதுவாக.

"ஆமாங்க. அண்டா எடுத்துக்கிட்டுப் போக வந்தாருங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கல்லுக்குக் கையை நீட்டவும் இல்லை, விலை பேசவும் இல்லை, நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை என்றால் இந்தத் தொழிலில் என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. கந்தம்மாளுக்குப் பயமாக இருந்தது. காலையில் எழுந்ததும் தெருவைப் பார்ப்பதும், வண்டிச் சத்தம் கேட்டால் கை வேலையை நிறுத்துவதும், சோறு வடிக்கும்போது ஒரு பிடி கூடப் போடுவதும், அவ்வளவும் இத்தனை வருசம் வீட்டில் கூட ஒரு ஆள் இருப்பதுபோல இருந்தது, நேற்று அவர் வந்துவிட்டுப் போனதில் அந்த ஆளும் எழுந்து போய்விட்டது, இனிமேல் இந்தக் கூடத்தில் உண்மையாகவே அவள் ஒருத்திதான்.

"இன்னொரு எட்டு நாள் இருக்கட்டுங்க. வெச்சுப் பாக்கறேன்" என்றாள்.

"தாராளமா இருக்கட்டுமுங்க" என்று சவரிராயன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்படி இறங்கியவர், வேடிக்கையாகத்தான், திரும்பி நின்று கேட்டார். "இந்த எட்டு நாள் என்ன வருமுன்னு பாக்கப் போறீங்க?"

கவுண்டர் வருவாரா என்றுதான் என்று சொல்ல, பழக்கத்தில் அவள் வாயைத் திறந்தாள். அதைச் சொல்லாமல் தலைப்பின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.