மாமியாரின் இடது முழங்கால்

பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகம். அதன் மாடியில், பெண் ஊழியர்கள் மதியம் கூடிச் சாப்பிடும் ஓர் அறை. அங்கே கிடைக்காத யோசனை வேறெங்கும் கிடைக்காது, தாயிமாரே. பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடலாம், புருஷனின் குறட்டைக்கு என்ன மருந்து, எல்லாவற்றுக்கும் தீர்ப்பு உண்டு. தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் ராஜராஜேஸ்வரி. மகளிர் தினத்துக்கு வருடா வருடம் மேடையேறி, "பெண்ணே, உன் உயரத்தை நீயே தீர்மானி!" என்று முழங்குவதும் அவள்தான். இருபத்தாறு வருடமாக அதே உதவியாளர் நாற்காலியில் இருந்துகொண்டுதான் முழங்குகிறாள்.

அன்று காலை ஃபெமினாவுக்குப் பதவி உயர்வு ஆணை வந்திருந்தது. கண்காணிப்பாளர் பதவி, ஊர் ஓசூர். ஏற்கிறேன் என்றோ வேண்டாம் என்றோ மாலை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டாம் என்றால் மூன்று வருடத்துக்குப் பெயர் பட்டியலில் வராது. பதினான்கு வருடம் காத்திருந்து வந்த ஆணை. போகத்தான் ஆசை. ஆனால் ஐந்தாம் வகுப்பில் மகள் இருக்கிறாள். அம்மாக்காரி ஆசைப்படுவது தப்போ என்று ஒரு பயம் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்தது.

சாப்பாட்டு அறையில் சொன்னாள். உவரிக்காரியான ஃபெமினா மீன் டப்பாவைத் திறந்தாலே எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கும் அனுராதா, அன்று ஜன்னலை மறந்து கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

"ஓசூரா! ஏட்டி, நீ போயிட்டா ஒம் புருஷன் ரேமண்டுக்கு யாரு சோறு பொங்குவா?"

"அவரு கப்பல்ல சமையக்காரரு அக்கா. முப்பது பேருக்கு அவருதான் பொங்குதாரு."

"அது கடல்ல. கரையில ஆம்பளைக்குக் கை வருமா?"

ராஜராஜேஸ்வரி சொதிச் சோற்றின் கடைசி வாயை முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினாள்.

"இங்க பாரு ஃபெமினா. பொம்பளைக்கு உயர்வு மனசுல இருக்கணும், நாற்காலில இல்ல. நானும்தான் போகல. கொறஞ்சா போயிட்டேன்?"

ஒன்றும் குறையவில்லை. பட்டியலில் அவளுக்கு நாலு பேருக்குக் கீழே கிடந்த அருணாசலம் இன்று இதே அலுவலகத்தின் அதிகாரி. அவர் அறை வாசலில் கோப்புகளை ஏந்திக்கொண்டு நிற்கிறவள் இவள். அவ்வளவுதான்.

அவள் கைப்பையிலிருந்து நான்காய் மடித்த ஒரு தாளை எடுத்தாள்.

"இந்தா, மாதிரிக் கடிதம். பேரையும் தேதியையும் மாத்திக்கோ. நம்மாளுவ எல்லாரும் இதத்தான் எழுதுவோம்."

ஃபெமினா பிரித்துப் படித்தாள். 'எனது மாமியார் இடது முழங்கால் வலியால் நடமாட இயலாத நிலையில் உள்ளதாலும், அவரைக் கவனிக்க என்னையன்றி எவரும் இல்லாததாலும், எனக்கு வழங்கப்பட்ட பதவி உயர்வுக்கான உரிமையைத் தற்காலிகமாக விட்டுக்கொடுக்கிறேன்.'

ஊழியர்களின் கோப்பெல்லாம் ஃபெமினாவின் பிரிவில்தான் இருந்தன. முன்னால் எழுதினவர்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்று பார்க்க, பழைய கோப்புக் கட்டை அவிழ்த்தாள். பதினெட்டு வருடத்தில் பதினோரு கடிதங்கள். பதினொன்றிலும் மாமியார். பதினொன்றிலும் இடது முழங்கால். ஒருத்திக்காவது வலது கால் வலிக்கக் கூடாதா? அதில் ஒருத்திக்கு அப்போது கல்யாணமே ஆகியிருக்கவில்லை. இரண்டு கடிதம் அனுராதாவுடையது. ஐந்து ராஜராஜேஸ்வரியுடையது. அவளுடைய மாமியார் செத்தபோது மாலை வாங்கிக்கொண்டு போனவள் ஃபெமினா. அதற்குப் பிறகும் இரண்டு கடிதத்தில் முழங்கால் வலித்துக்கொண்டிருந்தது.

ஃபெமினா தன் மாமியார் பாக்கியவதிக்கு போன் போட்டாள். உவரிக் கரையில் மீன் ஏலம் கூறும் சத்தம் கேட்டது.

"மாமி, ஒங்களுக்கு எடது முட்டு வலிக்கா?"

"எவ சொன்னா? விடியமுன்ன நாலு கூடை ஏத்தி எறக்கிட்டு நிக்கேன். என் முட்டுக்கு என்னட்டி வந்தது?"

ஃபெமினா விஷயத்தைச் சொன்னாள்.

"பிள்ளைய இங்கன கொண்டு விடு, நான் பாத்துக்கிடுதேன். என் முட்டச் சொல்லி எவளாவது காயிதம் எழுதுனா, பஸ் ஏறி வந்துருவேன், ஆமா."

நாலே முக்காலுக்கு ஏற்புக் கடிதத்தோடு ஃபெமினா அருணாசலத்தின் அறைக்குள் போனாள். அவர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வீட்டுல கேட்டாச்சாம்மா?"

"கேட்டாச்சு சார். ஒங்களுக்கு ஆணை வந்தப்போ யாரும் இப்படிக் கேட்டாவளா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மாடிப்படியில் ராஜராஜேஸ்வரி காத்திருந்தாள். பக்கத்தில் அனுராதா.

"அத்தன சொல்லியும் கேக்கல, பாத்தியா? ஒன் நல்லதுக்குத்தான சொன்னேன்!"

"அக்கா, ஒங்க அத்தை தவறி ஒம்பது வருசமாச்சு. போன வருசமும் முட்டு வலின்னு எழுதியிருக்கிய. மேல போயுமா வலி நிக்கல?"

அனுராதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னுடைய இரண்டு கடிதமும் ஞாபகம் வரவே, சிரிப்பைப் பாதியில் விழுங்கிக்கொண்டாள்.

ராஜராஜேஸ்வரி கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"மாதிரியில அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். "மாத்தணும்னு தோணல."

தான் கேட்டது அவளைக் குத்திவிட்டது என்று ஃபெமினாவுக்கு உறைத்தது. படியிறங்கினாள். கடைசிப் படிக்கு வந்தபோது ராஜராஜேஸ்வரி பின்னாலேயே வந்து, அனுராதாவுக்குக் கேட்காதபடி பைய சொன்னாள்.

"என் மக ஓசூர்லதான் வேலை பாக்கா. நான் போகாண்டாம்னு சொல்லியும் கேக்காமதான் போனா. நம்பர் தாரேன், எழுதிக்கோ. வீடு பாக்கையில தண்ணி என்னிக்கு வரும்னு மொதல்ல கேளு. வாடகைய பெறவு கேக்கலாம்."

இத்தனை வருடத்தில் அவள் சொன்ன முதல் உருப்படியான யோசனை. ஃபெமினா போனை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டாள்.