லவோன் வீட்டுத் தக்காளி நாற்று

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரில் சென்ற மே மாதம் ஒரு மாபெரும் போர் நடந்து முடிந்தது. ஆயுதம், தக்காளி நாற்று. உயிர்ச்சேதம் உண்டு.

போர் மூண்டது அதற்கு முந்தைய வசந்தத்தில், தேவாலயக் கூடத்து நாற்றுப் பரிமாற்றத்தில். தோட்டக் கழகத் தலைவி லவோன், வேறு யாரும் நிற்காததால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், பக்கத்து வீட்டு மார்லிஸ் கொண்டுவந்த நாற்று ஒன்றை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"ஐயோ மார்லிஸ் கண்ணு! சன்னலோரமே வச்சிருந்தியா? வெளிச்சத்தைத் தேடித் தேடி ஒட்டடைக் குச்சியா ஆயிடுச்சே! பரவால்ல விடு, எல்லாருக்குமா கைராசி இருக்கும்?"

கூடமே சிரித்தது. பாதிரியார்கூட. மார்லிஸும் சிரித்தாள், எங்கள் ஊரில் அவமானப்பட்டால் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய் அடுப்பைத் தேய்ப்பது வழக்கம். அடுப்பு பளபளத்தது. கோபம் குறையவில்லை.

இந்த வருஷம் அவள் நிலவறையில் விளக்குக் கட்டினாள். தண்டு தடிக்க வேண்டுமென்று நாற்றுக்கு மின்விசிறி வைத்தாள். புருஷன் ஆர்வில் ஸ்வெட்டரோடு டிவி பார்த்த வீட்டில் துளசிக்கும் தக்காளிக்கும் வெந்நீர்ப் பை வைத்தாள். பிறகு தினம் கொஞ்ச நேரம் வெயிலில் காட்டிப் பழக்கி, நட்டாள். ஒவ்வொன்றும் பயில்வான் மாதிரி நின்றது.

அப்போதுதான் லவோன் வேலியோரம் வந்தார்.

"பேத்தி பட்டமளிப்புக்குப் போறேன் கண்ணு, ஞாயித்துக்கிழமைதான் வருவேன். பனி விழுற மாதிரி இருந்தா என் செடி மேல எதையாவது போத்திடுறியா? உன்னைய விட்டா எனக்கு யாரு?"

"அதுக்கென்ன, நிம்மதியாப் போயிட்டு வாங்க."

வெள்ளிக்கிழமை மதியம் வானொலி உறைபனி என்றது. மார்லிஸ் சமையலறையில் தனியாக நின்று இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டாள். கடவுள் இருக்கிறார், அவர் தோட்டக் கழக உறுப்பினர் இல்லை!

தான் வீட்டிலேயே இல்லை என்பதற்குச் சாட்சிக்கு ஆள் வேண்டுமே. அன்று மாலை தேவாலயத்தில் விருந்து. ஹாட்டிஷ் என்று எங்கள் ஊரில் சொல்லும், அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்குப் பண்டத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"ஆர்வில், நம்ம செடிய மூடிடு. பழைய விரிப்பெல்லாம் அலமாரில இருக்கு."

"சரி சரி. நீ போ, ஆறிடப்போகுது."

லவோனிடம் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். 'விருந்துல இருந்தேங்க, பனின்னு யாருக்குத் தெரியும்? எங்க செடிய மட்டும் எங்க வீட்டுக்காரர் ஏதோ தானா மூடியிருக்காரு.' 'அடடா' என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடம்கூட முடிவாகிவிட்டது. திரும்பி வந்தபோது ஆர்வில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவளும் போய்ப் படுத்தாள். ஒரு வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை.

காலையில் காப்பிக் கோப்பையோடு, நாடகம் பார்க்கப் போகிறவள் போல் சன்னலுக்குப் போனாள்.

லவோன் தோட்டம் வெள்ளை விரிப்பும் பூப்போட்ட விரிப்புமாக, ஓரங்களில் கல் வைத்து, குழந்தையைத் தூங்க வைத்த மாதிரி இருந்தது. எல்லாம் மார்லிஸின் விரிப்பு. இவளுடைய தோட்டத்தில் பயில்வான்கள் கறுத்துத் தொங்கின.

"ஆர்வில்!"

"என்ன?"

"என்னய்யா பண்ணி வச்சிருக்கே?"

"அவங்க ஊர்ல இல்லையேம்மா. இல்லாதவங்க வீட்டைத்தானே முதல்ல பாக்கணும்? அதுலயே விரிப்பு தீந்து போச்சு."

எங்கள் ஊரில் இது வேதவாக்கு. மார்லிஸ் அடுப்பைத் தேய்க்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை லவோன் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். "தன் செடிய விட்டுட்டு என் செடிய மூடியிருக்காளே!" என்று ஊர் முழுக்கச் சொன்னார். பாதிரியார் அடுத்த வாரப் பிரசங்கத்திலேயே சேர்த்துவிட்டார்.

மறுநாள் மார்லிஸ் கடைக்குப் போய் ஆறு தக்காளி நாற்று வாங்கி வந்து நட்டாள். நன்றாகத்தான் காய்த்தன.